பட்டம் துறந்த பெயரும் நிலமில்லாத மனிதனும்

1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு கூடியது. தலைமை டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், பதினாறு வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் கூடாது, மணவிலக்குக்கும் விதவை மணத்துக்கும் தடை இருக்கக் கூடாது, பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானங்கள் நீண்டன. அவற்றில் ஒன்று, பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொன்னது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1927 இறுதியில், ‘குடி அரசு’ இதழில் ஆசிரியர் ஈ.வெ. ராமசாமியின் பெயருக்குப் பின்னிருந்த ‘நாயக்கர்’ நீங்கிவிட்டிருந்தது.

மாநாட்டின் தீர்மானங்களில் மக்கள் தாமாகவே எடுத்துக்கொண்டது இதுதான். செங்கல்பட்டு மாவட்டத்தின் எந்தப் பள்ளியிலும் வருகைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். இனிஷியல், பெயர், அவ்வளவுதான். இதில் யார் முதலியார் வீட்டுப் பிள்ளை, யார் காலனி எனப்படும் தலித் குடியிருப்பின் பிள்ளை என்று புதிதாக வந்த ஆசிரியர் பெயரை வைத்துச் சொல்லிவிட முடியாது. சர்மா, யாதவ், ரெட்டி, நாயர் என்று பெயரிலேயே பிறப்பைச் சுமந்து திரியும் பிற மாநிலத்தவர் இங்கே வேலைக்கு வந்தால் முதலில் திகைப்பது இதில்தான். விமான டிக்கெட்டில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டம் வரும்போது நாம் அப்பா பெயரைப் போட்டுச் சமாளிக்கிறோம். அந்தச் சிறு சங்கடம் நம் தாத்தாக்கள் நமக்கு விட்டுப்போன நல்ல சொத்து என்றே நான் நினைக்கிறேன்.

ஒரு பெயரின் வாலை வெட்டுவதில் தத்துவம் எங்கே வந்தது என்று கேட்கலாம். மனிதன் என்றால் யார் என்ற கேள்விக்குச் சொல்லப்பட்ட ஒரு பதில் அதற்குள் இருக்கிறது. வருண ஒழுங்கில் பொதுவாக மனிதன் என்று ஒருவன் கிடையாது. இன்னார் மகன், இன்ன குலம், இன்ன தொழிலுக்கு உரியவன் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் ஆள். அந்த விவரம் கிடைக்காதவரை வந்தவரைத் திண்ணையில் உட்கார வைப்பதா, வாசலோடு நிறுத்துவதா, எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் கொடுப்பது என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. வாயைத் திறக்கும் முன்பே அந்தத் தகவலைக் கொடுத்துவிடுவது பட்டத்தின் வேலை. அதை நீக்கச் சொன்ன தீர்மானம், மனிதனிடம் பிறப்பைத் தேட வேண்டாம், அவன் அறிவும் மானமும் போதும் என்றது. இத்தனை பெரிய கருத்தைக் கூலிக்காரரும் கடைக்காரரும் தினம் கையெழுத்துப் போடும்போது கடைப்பிடிக்கும் பழக்கமாக மாற்றியது சாதாரணக் காரியமில்லை. நூல்களில் சமத்துவம் பேசிய மரபுகள் நம்மிடம் நிறைய உண்டு. அதைப் பெயரில் கொண்டுவந்து காட்டியவை குறைவு.

அப்படிக் காட்ட முயன்ற இன்னொரு மரபு பக்கத்திலேயே இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டருக்குள் மதுராந்தகம். அங்குள்ள ஏரி காத்த ராமர் கோயிலின் மகிழ மரத்தடியில் ஆசாரியர் பெரிய நம்பி இராமானுசருக்குப் பஞ்ச சம்ஸ்காரம் என்ற தீட்சையைச் செய்துவைத்தார் என்பது வைணவ மரபு. தோளில் சங்கு சக்கரப் பொறி, உடம்பில் திருமண், தாசன் என்ற பெயர், மந்திரம், ஆராதனை முறை என்று ஐந்து. மூன்றாவதாக வரும் பெயர்தான் நமக்கு முக்கியம். அன்று முதல் தீட்சை பெற்றவர் யார் வீட்டில் பிறந்தார் என்பது பின்னால் போய், யாருக்கு அடியார் என்பது முன்னால் வருகிறது. உயிர் இறைவனுக்கு உடைமை, அவனுக்குத் தொண்டு செய்வதே அதன் இயல்பு, தான் தனியே சுதந்திரமானவன் என்று நினைப்பதுதான் மயக்கம் என்பது இதன் அடியில் இருக்கும் கொள்கை. அடியாரின் பிறப்பை ஆராய்வது கொடிய குற்றம் என்று பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசனபூஷணம் கண்டிக்கிறது. சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினார்கள். தீண்டப்படாத குலத்தில் பிறந்த மாறனேர் நம்பிக்கு அந்தணரான பெரிய நம்பியே ஈமக்கடன் செய்தார், அதற்காக ஊரார் அவரை ஒதுக்கி வைத்தார்கள் என்று குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன.

தாசனும் சுயமரியாதைக்காரனும் நேர் எதிர்த் துருவங்கள். ஒருவர் மனிதனின் பெருமை அடிமையாவதில் என்கிறார், மற்றவர் யாருக்கும் அடிமையாகாததில் என்கிறார். ஆனால் இருவரும் முதல் அடியாகச் செய்வது ஒன்றுதான். பிறந்த குலத்தின் பிடியிலிருந்து ஆளை வெளியே இழுத்து, வேறொரு பெயரில் நிற்க வைக்கிறார்கள். இரண்டில் எது மேல் என்று கேட்டால் நான் செங்கல்பட்டின் பக்கம் நிற்பேன். இறைவன் முன் அடிமை என்று சொல்லிக்கொள்வது அழகான பக்தி. ஆனால் படியாள் என்ற பெயரில் மெய்யாகவே பண்ணைக்குக் கட்டுப்பட்ட அடிமைகள் தலைமுறை தலைமுறையாக நெற்களத்தில் நின்ற மாவட்டம் இது. அந்தக் களத்தில் நின்றவரிடம் போய் உன் இயல்பே அடிமைத்தனம்தான், எஜமானரை மட்டும் மாற்றிக்கொள் என்று சொல்வது போதாது. பெரிய நம்பியை ஊர் ஒதுக்கியபோது, அந்தத் தத்துவத்தால் எவ்வளவு தூரம்தான் நடக்க முடியும் என்பதும் தெரிந்துவிட்டது.

வைணவத்துக்கு ஒரு பலம் உண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அது பழைய பெயரை எடுத்த இடத்தில் புதிய உறவு ஒன்றை வைத்தது. 1699இல் குரு கோவிந்த் சிங் கால்சாவுக்கு ‘சிங்’ என்ற பொதுப் பெயரைக் கொடுத்ததும் இதே வழிதான். சுயமரியாதை இயக்கம் எடுத்த இடத்தைக் காலியாக விட்டது. காலியாக இருப்பதே நல்லது என்பதற்கு வாதம் உண்டு: ‘சிங்’குக்குப் பின்னாலும் குலப்பெயர் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டதைப் பஞ்சாபில் பார்க்கலாம். ஆனால் நம் காலியிடமும் காலியாக இருக்கவில்லை. பெயர் சொல்ல மறுத்ததை வாய் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“திருக்கழுக்குன்றம் பக்கங்க.”

“அப்படியா, அங்க எந்தத் தெரு?”

“பஸ் ஸ்டாண்டு கிட்டதாங்க.”

“சரி சரி. குலதெய்வம் எது?”

வாடகைக்கு வீடு தேடிப் போகிறவருக்கு இந்த உரையாடல் மனப்பாடம். கேட்பவர் முகத்தில் துளி விரோதம் இருக்காது. மோர் கொடுத்துக்கொண்டேகூடக் கேட்பார்கள். இரண்டு கேள்வியில் தெரிந்துவிட்டால் சரி, தெரியாவிட்டால், “நீங்க என்ன ஆளுங்க?” என்று நேராகவே வரும். வட தமிழ்நாட்டில் அதுகூட வேண்டாம், ஊரா காலனியா என்றால் போதும். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதற்கு முன், நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் சாதி வெறியால் தாக்கப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்கவும் மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்கவும் 2024இல் பரிந்துரை செய்தது. பதிவேட்டில் இல்லாத சாதி மணிக்கட்டில் ஏறிக்கொண்டதைத்தான் அந்தப் பரிந்துரை காட்டுகிறது. பெயர் மாற்றம் மனிதனைப் பற்றிய கருத்தை மாற்றிவிடும் என்று 1929இல் எதிர்பார்த்தார்கள். பெயர் மாறியது, கருத்து வேறு இடம் பார்த்துக்கொண்டது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் தீர்மானத்தின் மேல் பாதிப் பழிதான் விழும். அதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. அது துறப்பதற்குப் பட்டம் வைத்திருந்தவர்களுக்கான தீர்மானம். முதலியாரும் ரெட்டியாரும் நாயக்கரும் அதை விடலாம், விட்டால் பெருந்தன்மை என்று பாராட்டும் கிடைக்கும். சேரியில் பிறந்தவர் எதை விடுவார்? அவருக்கு மரியாதைப் பட்டம் எதையும் யாரும் கொடுத்திருக்கவில்லை. அறுபது வயதுக்காரரையும் ஊர்த்தெருச் சிறுவன் ‘ஏ முனியா’ என்றுதான் கூப்பிட்டான். அவர் பெயரோடு சாதி ஒட்டப்பட்டபோதெல்லாம் அது இழிவாகவே ஒட்டப்பட்டது. மேலே இருப்பவர் ஒரு படி இறங்கி நின்றால் சமத்துவம் வந்துவிடும் என்ற கணக்கில், கீழே அழுத்தி வைக்கப்பட்டவர் எப்படி எழுந்து நிற்பார் என்பதற்கு இடமே இல்லை.

அந்தக் கேள்விக்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொன்னவர் இதே மாவட்டத்துக்காரர். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பறையன்’. எந்தச் சொல்லால் இழிவு செய்தார்களோ அந்தச் சொல்லையே முகப்பில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கடைத்தெருவில் விற்கச் செய்தார். சாதியை மறைத்துக்கொண்டு முன்னேறியவர் தன் மக்களுக்குப் பயன்படமாட்டார், நான் இன்னான் என்று துணிந்து சொல்லி உரிமை கேட்பவருக்குத்தான் உரிமை வரும் என்பது அவர் நிலை. அவருடைய சகோதரியை மணந்த அயோத்திதாசப் பண்டிதர் இதற்கு உடன்படவில்லை. அந்தப் பெயர் பூர்வ பௌத்தர்களின் மேல் எதிரிகள் சுமத்தியது, அதைத் தூக்கி எறிந்து பழைய பௌத்த வரலாற்றை மீட்க வேண்டும் என்று ‘தமிழன்’ இதழில் ஆண்டுக்கணக்காக எழுதினார். மைத்துனர்கள் இருவரும் ஒரே வலிக்கு எதிரெதிர் மருந்து சொன்னார்கள். ஆனால் இருவருக்கும் பொதுவான ஒரு நம்பிக்கை இருந்தது: மனிதன் வெறும் அறிவும் மானமும் மட்டுமல்ல, அவனுக்குப் பின்னால் ஒரு கூட்டமும் நினைவும் வரலாறும் இருக்கின்றன, அவற்றை அறுத்துவிட்டு அவனை மீட்க முடியாது.

சீனிவாசனின் வழியில் ஆபத்தும் உண்டு. பெருமையாக ஏந்திய பெயர் அடுத்த தலைமுறைக்கு வேலியாகிவிடலாம். இன்று தேர் போல் அலங்கரித்த பிளெக்ஸ்களில் எல்லாச் சாதியினரும் தங்கள் குலப்பெருமையை எழுதி நிறுத்துவதற்கும் ‘எங்கள் வரலாறு’ என்ற நியாயம்தான் சொல்லப்படுகிறது. ஆனால் ஒடுக்கியவர் பெருமையும் ஒடுக்கப்பட்டவர் துணிவும் ஒன்றல்ல. சீனிவாசன் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு யாரையும் தாழ்த்தவில்லை. 1924இல் சென்னை மாகாணச் சட்டசபையில் பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். செங்கல்பட்டு மாநாடு ஐந்தாண்டு கழித்துக் கேட்டதை, பட்டம் துறக்காத, துறக்கப் பட்டமில்லாத ஒருவர் முன்பே சட்டசபையில் ஏற்றிவைத்திருந்தார்.

மூன்றாவது பதிலைச் சொன்னவர் தத்துவவாதியே அல்ல, செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர். 1891இல் மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அவர் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, மனிதன் எதனால் மனிதனாக நிற்கிறான் என்பதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான விடைகளில் ஒன்று. குடிசை போட்டிருக்கும் மனைகூடத் தன்னுடையதில்லை, மிராசுதாரர் நினைத்தால் இரவோடு இரவாக வெளியேற்றலாம் என்றிருக்கும்போது கூலியைக் கூட்டிக் கேட்கவும் முடியாது, வேறு வேலைக்குப் போகவும் முடியாது, தலை நிமிர்ந்து பேசவும் முடியாது. ஆகவே முதலில் மனையும் நிலமும் கொடுங்கள் என்றார். 1892இல் அரசாணை பிறந்தது. பின்னால் பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்ற அந்த நிலங்கள் தமிழ்நாடு முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை.

அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊருக்கு ஊர் தெரிந்த இரகசியம். மாமல்லபுரத்துக்கு அருகேயுள்ள காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு 1994 அக்டோபரில் நடந்த போராட்டத்தில் காவல்துறை சுட்டு இருவர் இறந்தார்கள். நிலத்தின் மேல் அம்பேத்கர் சிலை ஒன்றை நிறுத்தியதிலிருந்து மூண்ட போராட்டம் அது. அப்போது இந்த மாவட்டத்தில் பெயரோடு பட்டம் போடும் வழக்கம் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. துப்பாக்கிக்கு அது தடையாக இருக்கவில்லை.

1929 மாநாட்டையே இந்த அளவுகோலால் பார்க்கலாம். பெயர்ப் பட்டம் போவதற்கு ஒரு தலைமுறை போதுமானதாக இருந்தது. அதே மேடையில் கேட்கப்பட்ட பெண்ணின் சம சொத்துரிமை தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை, அறுபது ஆண்டுகள், காத்திருந்தது. பைசா செலவில்லாத தீர்மானம் முதலில் நிறைவேறியது, சொத்தில் பாகம் கேட்ட தீர்மானம் காத்துக் கிடந்தது. இதற்காக மாநாட்டைக் குறை சொல்லக் கூடாது, அவர்கள் இரண்டையும் கேட்டார்கள். இரண்டில் எளிதானதை எடுத்துக்கொண்டு, அதையே முழுப் புரட்சி என்று நம்பிக்கொண்டது பின்னால் வந்த நாம்தான்.

பெயரும் தொழிலும் மரியாதையும் எப்படியெல்லாம் சேரலாம், பிரியலாம் என்பதைப் பார்க்க மாமல்லபுரத்துக்குச் சற்று மேற்கே பூஞ்சேரிக்குப் போக வேண்டும். தர்மராச ரதத்தில் பல்லவ அரசனின் பட்டப்பெயர்கள் வரிசையாகப் பொறித்திருப்பதை வழிகாட்டிகள் எல்லோருக்கும் காட்டுவார்கள். பூஞ்சேரிப் பாறையைக் காட்டுவோர் குறைவு. அங்கே கேவாத பெருந்தச்சன், குணமல்லன், சாதமுக்கியன், கொல்லன் சேமகன், திருவொற்றியூர் அபாஜர் என்று சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. இந்தக் கடற்கரையில் கல்லைக் கோயிலாக்கிய சிற்பிகளின் பெயர்கள் இவை என்று கருதப்படுகிறது. தச்சன், கொல்லன் என்ற தொழிற்பெயரை அவர்கள் ஒளிக்கவில்லை, கல்லில் பதித்தார்கள். செய்யும் வேலையே ஆள் என்ற இன்னொரு மனிதக் கருத்து அந்தப் பாறையில் இருக்கிறது. தொழில் பிறப்போடு பூட்டப்படாத ஒரு சமூகத்தில் அதைவிடக் கண்ணியமான பெயர் வைக்கும் முறை வேறில்லை. பூட்டப்பட்ட சமூகத்தில் அதே முறைதான் சாதிப் பட்டமானது.

அதே பூஞ்சேரியில் நரிக்குறவர்களும் இருளர்களும் வாழ்கிறார்கள். 2021இல் மாமல்லபுரத்தில் ஒரு கோயில் அன்னதானப் பந்தியில் உட்கார விடாமல் நரிக்குறவப் பெண் ஒருவர் துரத்தப்பட்டார். அவர் அதைத் தைரியமாகப் பேசிய காணொளி பரவி, அந்தத் தீபாவளி நாளில் முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். 2022 டிசம்பரில் நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பெயரில் சாதி கூடாது என்று சொல்லிவிட்டுச் சான்றிதழில் மட்டும் சாதி கேட்கலாமா என்று சிலர் நியாயம் பேசுவது இந்த இடத்தில்தான். கேட்கலாம், கேட்க வேண்டும். பெயரில் இருந்த சாதி, எதிரில் வருபவர் இவரை எங்கே நிறுத்தலாம் என்று முடிவு செய்ய உதவியது. சான்றிதழில் இருக்கும் சாதி, இதுவரை எங்கே நிறுத்தி வைத்தோம் என்பதற்கு அரசு வைத்திருக்கும் கணக்கு. பந்தியிலிருந்து எழுப்பப்பட்ட பெண்ணின் பெயரில் பட்டம் எதுவும் இல்லை. அவரை எழுப்பியவர்களுக்கு அது தடையாகவும் இல்லை. அவருக்கு உதவியது பட்டாவும் சான்றிதழும்தான்.

ஆகவே என் தீர்ப்பு இது. சாதிப் பட்டத்தைத் துறக்கும் வழக்கம் தமிழர் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. அதை விடக் கூடாது, சமூக ஊடகங்களில் பெயருக்குப் பின்னால் அது மெல்ல மெல்ல ஒட்டிக்கொண்டு திரும்பி வருவதை நாம் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கவும் கூடாது. ஆனால் அந்த வழக்கம் மனிதனை அறிவும் மானமுமாக மட்டுமே பார்த்தது. இரட்டைமலை சீனிவாசன் பார்த்த நினைவும், ட்ரெமென்ஹீர் பார்த்த மனையும் நிலமும் சேராதவரை, நாம் துறந்தது எழுத்தை மட்டுமே.

2029 பிப்ரவரியில் செங்கல்பட்டு மாநாட்டுக்கு நூறு ஆண்டு நிறைகிறது. விழா எடுப்பார்கள், எடுக்கவும் வேண்டும். அதற்கு முன் மாவட்ட நிர்வாகம் ஒரு காரியம் செய்யட்டும். ஒவ்வொரு ஊராட்சியிலும் 1892 அரசாணையின் கீழ் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களின் சர்வே எண்ணையும் பரப்பையும் இன்று அனுபவத்தில் வைத்திருப்பவர் பெயரையும் கிராம சபைக் கூட்டத்தில் உரக்கப் படிக்கட்டும். பெயர்களைப் பட்டம் இல்லாமலே படிக்கலாம்.